எரிந்தால் அமுக்க வேண்டிய பொத்தான்

எனக்கு நெஞ்சு எரிந்தது. இதில் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது அது ஒன்றுதான். மற்றதெல்லாம் இன்றைக்கு உட்கார்ந்து யோசித்தாலும் குழப்பமாகத்தான் இருக்கிறது. தறியில் பாவு நூல் சிக்கினால்கூட அரை நாள் பொறுமையாக உட்கார்ந்து பிரித்துவிடுவேன். இதை என்னால் பிரிக்க முடியவில்லை.

நான் பட்டு நெய்கிறவன். காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்திலேயே தறி இருக்கிறது. தரையில் தோண்டிய குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து, நெய்த சேலை சுருளும் கட்டையில் வயிறு முட்டக் குனிந்தபடி நாளெல்லாம் வேலை. என் வலது கைப்பக்கம் என் மனைவி. நாங்கள் நெய்வது கோர்வைச் சேலை. உடல் ஒரு நிறம், கரை இன்னொரு நிறம். உடலுக்கான நாடாவை, குறுக்கு நூலைச் சுமந்து ஓடுகிற ஓடத்தை, நான் விடுவேன். அவள் பக்கத்துக் கரைக்கான நாடாவை அவள் விடுவாள். இரண்டு நிறமும் சந்திக்கிற இடத்தில் இழை இழையோடு மாட்ட வேண்டும். கொஞ்சம் முந்தினாலும் பிந்தினாலும் சேலையில் பல் இளித்துக்கொண்டு நிற்கும். கல்யாணமான புதிதில் "விடு", "நிறுத்து" என்று வாயால் சொல்லிக்கொண்டிருந்தேன். அதெல்லாம் நின்று வெகுகாலம் ஆகிறது. என் தோள் அசைந்தால் அவள் கை அசையும். நான் பெருமூச்சு விட்டால் நூல் அறுந்திருக்கிறது என்று தெரிந்துகொள்வாள். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் நடந்த கூத்துக்கு இதுதான் காரணம் என்பதால் சொல்கிறேன்.

சாப்பிட்டு எழுந்து தறியில் உட்கார்ந்தால் போதும், மார்புக்கு நடுவில் மிளகாய் அரைத்துத் தடவியது போல ஒரு காந்தல். சில நாள் புளித்த தண்ணீர் தொண்டை வரைக்கும் ஏறி வந்து, வந்த வழியே இறங்கிப் போகும். முதலில் இதயம்தான் என்று பயந்து ஈசிஜி எடுத்தேன். இதயம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். சந்தோஷப்படுவதா, அப்படியானால் எரிவது எது என்று கவலைப்படுவதா எனத் தெரியாமல் வீட்டுக்கு வந்தேன்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்து டாக்டர் மாத்திரை எழுதினார். சாப்பிட்ட பிறகு போட்டேன். கேட்கவில்லை. திரும்பப் போனால், "சாப்பாட்டுக்கு முன்னாடி அரைமணி நேரம் இருக்கறப்போ போடணும்னு சொன்னேனே" என்றார். அவர் சொன்னது எனக்கு ஞாபகமே இல்லை. முன்னால் போட்டேன், கேட்டது. நிறுத்தினேன், முன்னைவிட அதிகமாக எரிந்தது. மறுபடி போட்டேன், பாதி கேட்டது, பாதி கேட்கவில்லை. அது என்ன பாதி? எரிச்சல் ஒன்று இருக்க வேண்டும், இல்லை இல்லாமல் போக வேண்டும். எனக்கு மட்டும் எல்லாம் நடுவில் நிற்கும்.

கைபேசியில் பார்க்க ஆரம்பித்தது அந்தச் சமயத்தில்தான். ஒரு டாக்டர் வயிற்றில் அமிலம் அதிகமானால் எரியும் என்றார். அடுத்த வீடியோவில் இன்னொருவர், கழுத்துப்பட்டி எல்லாம் கட்டிக்கொண்டு, அமிலம் குறைந்தால்தான் எரியும், எலுமிச்சம்பழம் பிழிந்து குடியுங்கள் என்றார். பால் குடித்தால் தணியும் என்றார் ஒரு அம்மா. பால்தான் முதல் எதிரி என்றார் அவருக்கு அடுத்து வந்தவர். மாத்திரையை நிறுத்தாதே, புண் வரும். மாத்திரையைத் தொடராதே, எலும்பு போகும். நான் ஒன்றைப் பார்த்தால் கைபேசி பத்தை அனுப்பியது. பார்க்கப் பார்க்க எனக்கு வராத நோயெல்லாம் என் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது.

இது போதாதென்று எதிர்வீட்டுக்காரர். அவரும் நெசவாளிதான், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், எங்கள் தெருவுக்கு வைத்தியரும் அவரே. யாரும் அவரை நியமிக்கவில்லை. "வாயுங்க. வெறும் வாயு" என்று என் முதுகில் இரண்டு தட்டு தட்டுவார். ஒரு நாள் ஓமத்தண்ணீர், மறுநாள் சீரகம், அதற்கு மறுநாள் சோடா. எதையும் விடாமல் குடித்ததால், எதனால் கொஞ்சம் தணிந்தது, எதனால் கொஞ்சம் ஏறியது என்று பிரித்துச் சொல்லவே முடியாமல் போய்விட்டது.

கடைசியில் நெடுஞ்சாலைப் பக்கம் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். தொண்டை வழியாக கேமரா விட்டுப் பார்த்தார்கள். புண் ஒன்றும் இல்லை. அங்கே இருந்த பெரிய டாக்டர் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். வயிற்றுக்கும் உணவுக்குழாய்க்கும் நடுவில் ஒரு வாய் இருக்கிறதாம். சாப்பாடு உள்ளே போகும்போது திறந்து, போனதும் மூடிக்கொள்ள வேண்டும். "உங்களுக்கு அது சரியா மூடல போல. அதான் எதுக்களிக்குது போல" என்றார். வாக்கியத்துக்கு ஒரு 'போல'. மாத்திரை சரியாகக் கேட்காததால் ஆபரேஷன் செய்து பார்க்கலாம் என்றார். வயிற்றின் மேல்பகுதியை இழுத்து, உணவுக்குழாயின் அடியைச் சுற்றி இறுக்கித் தைத்துவிடுவார்களாம். அதற்குப் பிறகு சில மாதம் குனியக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது.

குனியாமல் நான் என்ன செய்வேன்? தறியில் நிமிர்ந்து உட்கார்ந்து நெய்தவன் யாராவது உண்டா? நான் எழுந்துவிட்டால் என் மனைவியும் எழ வேண்டியதுதான், கோர்வைக்கு வேறு யாரோடும் அவளால் உட்கார முடியாது. சொல்லப்போனால், ஆபரேஷனை நினைத்துப் பயந்தேன். எரிச்சலோடே காலம் முழுக்க இருக்க வேண்டுமோ என்று அதைவிடப் பயந்தேன். வெட்டித் தைப்பதா வேண்டாமா, இது ஒன்றுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

அதைச் சொல்ல ஒரு சோதனை இருக்கிறது என்று பக்கத்து அறைக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்தவர் சின்ன வயசு டாக்டரம்மா, தெற்கத்திப் பெண். "குனிஞ்சு வேலை செய்யுறவங்களுக்கு இந்த எதுக்களிப்பு எப்படி வருதுன்னு ஆராய்ச்சி பண்ணிக்கிட்டு இருக்கேன். நெசவாளிங்க வந்தா எனக்கு ரொம்ப உபயோகம்" என்றார். என் நோயால் யாருக்காவது உபயோகம் உண்டு என்று கேட்பதற்கே ஆறுதலாக இருந்தது. ஒரு வாரம் மாத்திரையை நிறுத்தச் சொன்னார். பிறகு மூக்கு வழியாக மெல்லிய குழாய் ஒன்றை விட்டார், தண்ணீரை மடக் மடக்கென்று விழுங்கச் சொன்னார், குழாய் உள்ளே இறங்கியது. அதன் மறுமுனை காதோரமாக வந்து, இடுப்பில் தொங்குகிற ஒரு கறுப்புப் பெட்டியில் சேர்ந்தது. அமிலம் மேலே ஏறினால் குழாய்க்குத் தெரியும், பெட்டி எழுதிக்கொள்ளும். பெட்டியில் பொத்தான்கள். சாப்பிட்டால் ஒன்று, படுத்தால் ஒன்று, எரிந்தால் ஒன்று.

"நாளைக்கு இதே நேரம் வந்து கழட்டிக்கலாம். அதுவரைக்கும் வழக்கமா எப்படி இருப்பீங்களோ அப்படியே இருங்க. இதுக்காக எதையும் மாத்த வேண்டாம்" என்றார் டாக்டரம்மா.

இங்கேதான் நாங்கள் கோட்டை விட்டோம். வீட்டுக்கு வருகிற விருந்தாளியும் அப்படித்தானே சொல்வார், எனக்காக ஒன்றும் செய்யாதீர்கள் என்று? சொன்னார் என்பதற்காக யாராவது வந்தவருக்குப் பழைய சோறு போடுவார்களா? பெட்டியோடு நான் தெருவில் நுழைந்ததும் வீடே விருந்து வீடாகிவிட்டது. என் மனைவி தறியை வெள்ளைத் துணி போட்டு மூடினாள். புளி, மிளகாய் டப்பாக்கள் மேல்தட்டுக்குப் போயின. குழைந்த சோற்றில் மோர் ஊற்றிப் பிசைந்து கொடுத்தாள். மாகறலிலிருந்து அவளுடைய தம்பி ஒரு குலை இளநீரோடு வந்துவிட்டான், சாமி விபூதியும் கொண்டுவந்து குழாய் இருக்கிற மூக்கை விட்டுவிட்டு நெற்றியில் பூசினான். எதிர்வீட்டுக்காரர் பெட்டியைக் குனிந்து பார்த்து, "எல்லாம் இதுல பதிவாவுதா? அப்போ கொஞ்சம் ஒழுங்கா இருங்க" என்று எச்சரித்தார்.

நானும் ஒழுங்காக இருந்தேன். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். படுக்கையையும் மூன்று தலையணை வைத்து உயர்த்திக்கொண்டேன். நடுவில் லேசாக ஒரு தடவை எரிந்தது. பொத்தானை அமுக்கலாமா என்று கையை எடுத்துக்கொண்டு போனேன். இந்தச் சின்ன எரிச்சலுக்கெல்லாம் போய் அமுக்குவதா என்று கூச்சமாக இருந்தது. விட்டுவிட்டேன்.

மறுவாரம் முடிவு வந்தது. "எல்லாம் நார்மல்" என்றார் டாக்டரம்மா. "உங்களுக்கு எதுக்களிப்பே இல்லங்கய்யா. இதை வச்சு ஆபரேஷன் பண்ண முடியாது."

நான் என்ன செய்திருக்க வேண்டும்? சாமிக்குத் தேங்காய் உடைத்திருக்க வேண்டும். எனக்கோ கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அப்போ நான் பொய் சொல்றேனா மேடம்? சும்மா எரியுமா? எரியாததுக்கா ஒரு வாரமா மாத்திரை இல்லாம செத்துக்கினு இருந்தேன்?" என்று கத்திவிட்டேன். வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். என் மனைவி என் முழங்கையைப் பிடித்து அமுக்கினாள். டாக்டரம்மா கோபப்படவில்லை. "அன்னைக்கு என்ன சாப்பிட்டீங்க, என்ன செஞ்சீங்க, சொல்லுங்க" என்று கேட்டார். நான் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததால் என் மனைவிதான் சொன்னாள். மோர் சோறு, இளநீர், நாற்காலி, வெள்ளைத் துணி, விபூதி. சொல்லச் சொல்ல டாக்டரம்மா நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். சிரிப்பை அடக்குகிறாரா அழுகையை அடக்குகிறாரா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

"இது உங்க நாளே இல்லயே. ஆஸ்பத்திரியில படுத்திருந்தாக்கூட இவ்வளவு பத்தியமா இருந்திருக்க மாட்டீங்க" என்றார். "இன்னொரு தடவை வைப்போம். இந்தத் தடவை நீங்க தறியில உட்காரணும். உங்க குழம்பத்தான் சாப்பிடணும்."

தெருவில் இதற்குள் செய்தி பரவியிருந்தது. நெஞ்சில் ஒன்றும் இல்லையாம், மனசுதானாம் என்று. எதிர்வீட்டுக்காரர் வாயுவை விட்டுவிட்டு மனசுக்கு மாறிவிட்டார். எனக்கே சந்தேகம் வந்தது. உண்மையிலேயே எரிகிறதா, எரிவதாக நினைத்துக்கொள்கிறேனா? சாப்பிட்டுவிட்டு நெஞ்சில் கை வைத்துப் பார்ப்பேன். எரிவது போலவும் இருக்கும், எரியாதது போலவும் இருக்கும். பெரிய டாக்டரின் அந்த 'போல' எனக்கும் தொற்றிக்கொண்டது.

இரண்டாவது முறை குழாயோடு வந்த அன்று விருந்தாளிக்கு மரியாதை கிடையாது என்று முடிவு செய்தோம். வத்தக்குழம்பு, அப்பளம், மிளகாய் வறுத்துப் போட்ட பொரியல். நான் சாப்பிட்டேன், கை கழுவினேன், நேராகக் குழிக்குள் காலை விட்டேன். அப்போதுதான் ஒரு சிக்கல் தெரிந்தது. இடுப்பில் தொங்குகிற பெட்டி வயிற்றுக்கும் கட்டைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. பக்கவாட்டில் தள்ளினால் வார் இழுத்தது. அது மட்டுமில்லை, பொத்தானை அமுக்க எனக்குக் கை எது? ஒரு கையில் நாடா, ஒரு கை இழையை அடித்து நெருக்கும் பலகையில், கால் இரண்டும் மிதியில். எரிகிற நேரமெல்லாம் தறியை நிறுத்தினால் அது என் வழக்கமான நாள் ஆகுமா? டாக்டரம்மா மறுபடியும் நெற்றியில் கை வைத்துக்கொள்வார்.

"பெட்டிய நீ மடியில வச்சிக்கோ" என்றேன் மனைவியிடம். கரைக்கு நாடா விடுவதற்கு நடுவில் அவளுக்குத்தான் கை ஓயும். குழாய் அவள் பக்கம் எட்டியது. "எரிஞ்சா நீயே அமுக்கிடு."

"நீங்க சொல்லுவீங்களா?"

"சொல்லணுமா? உனக்குத் தெரியாதா?"

அவள் பெட்டியை முந்தானையால் மூடி மடியில் வைத்துக்கொண்டாள். நான் நெய்ய ஆரம்பித்தேன். அவளிடம் ஒப்படைத்துவிட்டதால் எனக்கு அந்தக் கவலை விட்டது. கோர்வையில் எத்தனை நாள் என் கை போகுமுன் அவள் கை போயிருக்கிறது, என் நெஞ்சு எரிந்தால் தெரியாதா என்ன? நல்ல வாழைத்தண்டுப் பச்சை, அரக்குக் கரை. வேலையில் இறங்கிவிட்டேன். நடுவில் ஒரு தரம் அவள் எழுந்துபோய்த் தன் சாப்பாட்டை முடித்துக்கொண்டு வந்தாள். நான் பெட்டியை வாங்கித் தரையில் வைத்திருந்து, அவள் உட்கார்ந்ததும் மடியில் கொடுத்தேன். அதற்குப் பிறகு அவ்வப்போது பொத்தான் டிக் என்று சத்தம் போட்டது. பரவாயில்லை, இந்தத் தடவை நன்றாக எரிகிறது என்று எனக்குச் சந்தோஷம்கூட வந்தது. எரிவதற்குச் சந்தோஷப்பட்டவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

முடிவு வாங்கப் போன அன்று டாக்டரம்மா எங்களை உட்கார வைத்துவிட்டு கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் மேலும் கீழுமாக ஒரு கோடு ஓடியது. கோடு கீழே இறங்கினால் அமிலம் ஏறியிருக்கிறது என்று அர்த்தமாம். அதுவே எனக்குப் புரியவில்லை, ஏறினால் ஏன் இறங்க வேண்டும்? கேட்டேன். அது அப்படித்தான் என்றார்.

"உங்களுக்கு அமிலம் ஏறத்தான் செய்யுது. சாப்பிட்ட உடனே குனிஞ்சு உட்கார்ந்தீங்கல்ல, இதோ பாருங்க, வரிசையா ஏறியிருக்கு" என்றார். நான் மனைவியை வெற்றியோடு பார்த்தேன். "ஆனா ஒண்ணு. ஏறின நேரத்துல நீங்க பொத்தானையே அமுக்கல. நீங்க அமுக்குன நேரத்துல பாத்தா அமிலமே இல்ல."

"அப்படின்னா?"

"அப்படின்னா அமிலம் ஏறுறது வேற, உங்களுக்கு எரியுறது வேற. சில பேருக்கு அப்படி இருக்கும். உணவுக்குழாய் நரம்பே ரொம்ப உணர்ச்சியா இருக்கும், அமிலம் இல்லாமலேயே எரியும். அவங்களுக்கு ஆபரேஷன் பண்ணுனா அமிலம் நிக்கும், ஆனா எரிச்சலும் நிக்கும்னு சொல்ல முடியாது."

என் தலைக்குள் எல்லாம் கலங்கிவிட்டது. ஏறுகிறது, ஆனால் எரியவில்லை. எரிகிறது, ஆனால் ஏறவில்லை. எனக்கு இரண்டு நோயா? இல்லை ஒன்றுமே இல்லையா? ஆபரேஷன் வேண்டுமா வேண்டாமா என்று கேட்க வந்தவனை எங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள்? அழுகை வருகிற மாதிரி இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு கணம் எதிர்வீட்டுக்காரர் சொன்னதுதான் சரியோ, எனக்குப் புத்திதான் கெட்டுவிட்டதோ என்று பயந்தேன்.

டாக்டரம்மா திரையில் ஒரு இடத்தைத் தொட்டார். "இந்த இடத்துல நிறைய அமுக்கியிருக்கீங்க. நீங்க சாப்பிட்டு ரொம்ப நேரம் கழிச்சு. அப்ப எப்படி எரிஞ்சுச்சு, ஞாபகம் இருக்கா?"

"எனக்கு எப்படித் தெரியும் மேடம்? நான் எங்க அமுக்கினேன்?"

"பிறகு யாரு?"

"இவதான் அமுக்கினா. எனக்குக் கை ஏது? தறியில இருந்தேனே."

டாக்டரம்மா நாற்காலியை எங்கள் பக்கம் திருப்பினார். நான் பெட்டி மாட்டிக்கொண்டதையும், கோர்வை என்றால் என்ன என்பதையும், எங்களுக்குள் வாய்ப்பேச்சு தேவையில்லை என்பதையும் விளக்கினேன். விளக்கும்போதே அது அவ்வளவு புத்திசாலித்தனமாகத் தோன்றவில்லை. அவர் என்னைப் பாதியில் நிறுத்தி, "இந்த நேரத்துல வீட்டுல என்ன நடந்துச்சு?" என்று கேட்டார்.

"ஒண்ணும் நடக்கல. அப்போதான் இவ சாப்ட்டு வந்து உக்காந்தா."

டாக்டரம்மா என்னை விட்டுவிட்டு என் மனைவியைப் பார்த்தார். "அம்மா, நீங்க சொல்லுங்க. எப்ப எப்ப அமுக்குனீங்க?"

"எரியறப்போதான்மா."

"அவருக்கு எரியுதுன்னு எப்படித் தெரிஞ்சுது?"

என் மனைவி முதலில் என்னைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள். தப்பு செய்துவிட்டோம் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. என்ன தப்பு என்று எனக்கு இன்னும் புரியவில்லை. "இவரு மொகத்தைப் பாத்தேன்மா. ஒண்ணும் தெரியல. நெய்ய உக்காந்துட்டா இவருக்கு ஒண்ணும் ஒறைக்காது. ஒரே கொழம்பு, ஒரே தறி, ரெண்டு பேரும் ஒரே மாதிரிதான் குனிஞ்சிக்கினு இருக்கறோம். எனக்கு எரிஞ்சா இவருக்கும் எரியும்ல? அதான், எனக்கு எரியறப்போலாம் அமுக்கினேன்."

எனக்குச் சிரிப்புதான் முதலில் வந்தது. ஆராய்ச்சிக்கு என் மூக்குக் குழாயும் அவள் நெஞ்சு எரிச்சலும் போயிருக்கிறது! ஒரே பெட்டியில் இரண்டு பேரையும் கோர்வை போட்டுவிட்டாள். நான் வாயைத் திறந்து ஏதோ கிண்டல் செய்யப் போனேன். டாக்டரம்மா சிரிக்கவில்லை.

"உங்களுக்கு எரியுமா? எத்தனை நாளா?"

"எரியும்னு இல்லம்மா. சாப்ட்டா அப்டிதானே இருக்கும்?"

"எப்படி?"

"நெஞ்சுல சூடா. முழுங்கறப்போ கொஞ்சம் நின்னு நின்னு எறங்கும். தண்ணி குடிச்சா சரியாப் பூடும்." டாக்டரம்மா அடுத்த கேள்வி கேட்காததால் அவளே தொடர்ந்தாள். "இவரு எரியுது எரியுதுன்னு சொல்லிக்கினே இருந்தாரா, இவருக்குன்னு தனியா ஏதோ பெரிசா எரியுதுன்னு நெனச்சேன். எனக்கு இருக்கறது சாதாரணமா எல்லாருக்கும் இருக்கறதுன்னுதான்மா நெனச்சிக்கினு இருந்தேன்."

நான் அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். தறியில் உட்காருகிற அதே பக்கம், என் வலது கைப்பக்கம். அவளைத் திரும்பிப் பார்த்தேன். ஊர் முழுக்க என் நெஞ்சைப் பற்றிப் பேசியிருக்கிறது, கைபேசி பேசியிருக்கிறது, எதிர்வீடு பேசியிருக்கிறது. எனக்காகப் புளி டப்பாவை மேல்தட்டில் ஏற்றியவள், தான் எதைச் சாப்பிட்டாள் என்று எனக்குத் தெரியவில்லை. எனக்குப் பரிமாறி, பாத்திரத்தை ஒதுக்கி, மிச்சமிருந்ததைச் சாப்பிட்டு, தறி நிற்கிறதே என்று ஓடிவந்து குனிந்திருக்கிறாள், ஒவ்வொரு நாளும். நாங்கள் ஒரு ஆள் மாதிரி என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அவளுக்கு விழுங்கும்போது நிற்கிறது என்று இந்த அறையில்தான், ஒரு வெளியூர்ப் பெண் கேட்டதால்தான் எனக்குத் தெரிகிறது. எனக்கு நெஞ்சு வலித்தது. அது அமிலமா வேறா என்று யாராவது கேட்டிருந்தால் அடித்திருப்பேன்.

டாக்டரம்மா என் விஷயத்தைச் சுருக்கமாக முடித்துவிட்டார். பொத்தான் செல்லாது, கோடு செல்லும். இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம். சாப்பிட்டதும் தறிக்குப் போகாமல் கொஞ்ச நேரம் நடக்க வேண்டும், மாத்திரையை ஒழுங்காகச் சாப்பாட்டுக்கு முன்னால் போட வேண்டும், அதற்கும் கேட்கவில்லை என்றால் மறுபடி பார்க்கலாம். இத்தனை மாதமாக நான் தெரிந்துகொள்ளத் தவித்த பதில் அதுதான். காதில் விழுந்தது, மனசில் விழவில்லை. "விழுங்குறப்ப நிக்குதுன்னு சொல்றதைச் சும்மா விடக்கூடாது. அம்மாவுக்கு முதல்ல கேமரா விட்டுப் பாத்துடுவோம்" என்று அவர் சொன்னதுதான் காதுக்குள் நின்றது.

"எனக்கு எதுக்கும்மா அதெல்லாம்? இவருக்குப் பாத்தது போதாதா?" என்றாள் என் மனைவி. நான் அவளை அதட்டினேன். அதட்டின பிறகு, "பாத்துக்கலாம் வாமா" என்று கெஞ்சினேன்.

ஒரு காலைவேளையில் வெறும் வயிற்றோடு கூட்டிக்கொண்டு போனேன். தொண்டையில் மருந்து அடித்து மரத்துப்போக வைத்து கேமரா விட்டார்கள். நான் வெளியே நின்றேன். எனக்குப் பார்த்தபோது அவள் இதே இடத்தில் நின்றிருப்பாள், என்ன நினைத்துக்கொண்டு நின்றாளோ தெரியாது. முடிந்ததும் என்னையும் உள்ளே கூப்பிட்டார்கள். அவள் கட்டிலில் உட்கார்ந்து, கண்ணில் வந்த தண்ணீரை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

டாக்டரம்மா திரையை எங்கள் பக்கம் திருப்பினார். எனக்குப் பார்த்தபோது காட்டிய படம் வெளிர் ரோஜா நிறத்தில் வழவழவென்று இருந்தது ஞாபகம் இருக்கிறது. இது அப்படி இல்லை. உணவுக்குழாயின் அடியில் சுற்றிலும் செக்கச்செவேல் என்று கோடு கோடாகப் பிளந்திருந்தது. சில இடத்தில் வெள்ளையாகப் படிந்திருந்தது. "இதெல்லாம் புண்ணு. ரொம்ப நாள் புண்ணு. அதனாலதான் சாப்பாடு நின்னு இறங்குது. பயப்படாதீங்க, மாத்திரையில ஆறிடும், ஆனா ஒழுங்காப் பாக்கணும். சதையில துளி எடுத்து அனுப்பியிருக்கோம், அதுவும் ஒரு பாதுகாப்புக்குத்தான்" என்றார்.

என் மனைவி கட்டிலிலிருந்து முன்னால் சாய்ந்து அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தாள். அவள் முகம் மாறியது. கையை நீட்டி என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். மருந்தில் மரத்த தொண்டையால் சரியாகப் பேச வரவில்லை.

"இது இவரோடதுதானேமா?" என்று டாக்டரம்மாவிடம் கேட்டாள்.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"உன்னுதுமா" என்றேன்.